செடி வண்டிக்குக் காத்திருப்பவர்களுக்கு

எங்கள் நகரின் நான்காம் தெருவிலும் ஐந்தாம் தெருவிலும் புதுவீடு கட்டிக் குடிவந்திருக்கும் 14 குடும்பத்தாருக்கும் மூன்றாம் தெரு மூலை வீட்டுக்காரி எழுதும் மடல்.

உங்களில் பாதிப் பேர் பால் காய்ச்சிய அன்று என்னையும் அழைத்தீர்கள். வந்தேன், சாப்பிட்டேன், மொட்டை மாடி வரை ஏறிப் பார்த்தேன். டைல்ஸ் ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு நிறம். வாசல்படி மட்டும் எல்லா வீட்டிலும் ஒன்றுபோல இருந்தது. இரண்டு பக்கமும் புதுத் தொட்டி, அதில் அன்று காலை இறங்கிய ரோஜா, மஞ்சள் செவந்தி, கத்தரிப்பூ நிறத்தில் பெட்டுனியா. ஆறு மாதம் கழித்து அதே தெருவில் நடக்கிறேன். தொட்டி இருக்கிறது, உள்ளே குச்சி நிற்கிறது. போன வாரம் காலை நடையில் எண்ணிக்கொண்டே போனேன். இரண்டு தெருவிலும் சேர்த்து 37 தொட்டி. விசாரித்தால் எல்லோருக்கும் ஒரே பதில்: "எங்களுக்குக் கைராசி இல்லைங்கம்மா."

கைராசியில் எனக்கு நம்பிக்கை கிடையாது. இந்த வீட்டுக்கு வந்த 22 வருடத்தில் நான் சாகக் கொடுத்த செடிகளை வரிசையாக வைத்தால் மூன்றாம் தெரு முழுக்க நிற்கும். அத்தனையையும் பறிகொடுத்த பிறகு தெரிந்துகொண்டது இதுதான்: முக்கால்வாசிச் செடியின் விதி வாங்கும்போதே முடிந்துவிடுகிறது. வாடித் தெரிவதற்குத்தான் ஒரு மாதம் ஆகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிவாக்கில் அந்தக் குட்டியானை வண்டி வரும். "ரோஜாச் செடி, செம்பருத்திச் செடி, மூணு நூறு, மூணு நூறு" என்று ரெக்கார்டு பாடும். நீங்கள் சுற்றி நிற்பீர்கள். அந்த நேரத்தில் எது பூத்திருக்கிறதோ அதற்குத்தான் கை நீளும். நானும் அப்படி நீட்டியவள்தான். ஆனால் ஒன்று கேட்கிறேன், மற்ற நாட்களில் காலை பத்து மணிக்கு உங்கள் வாசலில் யார் இருக்கிறார்கள்? கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போயாச்சு, பிள்ளைகள் ஸ்கூல் வேனில், பெரியவர்கள் டிவி முன்னால். நம் வாசலுக்கு ஆள் நடமாட்டம் இரண்டு வேளைதான். கோலம் போடும் நேரம் ஒன்று. விளக்கு வைத்த பிறகு நாற்காலி போட்டு உட்காரும் நேரம் ஒன்று. பூவை அந்த வேளைக்குப் பார்த்து வாங்குங்கள்.

டேபிள் ரோஸை எடுத்துக்கொள்ளுங்கள். பத்துமணிப் பூ என்று பெயரிலேயே நேரத்தைச் சொல்லிவிட்டார்கள். வெயில் ஏறினால் விரியும், பிற்பகலில் சுருண்டுவிடும். ஐந்தாம் தெருவில் ஒரு வீட்டில் படிக்கட்டு நெடுக அதைத்தான் வைத்திருக்கிறார்கள். அந்த வீட்டுத் தம்பியும் மருமகளும் எட்டரைக்குக் கிளம்பி இருட்டிய பிறகு திரும்புகிறவர்கள். தங்கள் வீட்டுப் பூவை அவர்கள் ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்க்கிறார்கள்; தினமும் பார்ப்பது தெருவில் போகிற நான்.

அதே இடத்தில் அந்திமந்தாரை இருந்தால் நாலு மணிக்கு மேல் விரிந்து மறுநாள் காலை வரை நிற்கும். காசு கொடுத்து வாங்க வேண்டியதே இல்லை. பூ உதிர்ந்த இடத்தில் மிளகு மாதிரி ஒரு கருப்பு விதை உட்கார்ந்திருக்கும். ஒன்றைத் தட்டி மண்ணில் அழுத்தினால் போதும், அடுத்த வருடம் வேண்டாம் என்றாலும் முளைக்கும். இது வண்டியில் வராது. பத்து மணிக்கு மூஞ்சியைச் சுருக்கிக்கொண்டு நிற்கும் செடியை யார் வாங்குவார்கள், வண்டிக்காரத் தம்பிக்கு அது தெரியாதா?

விடிகாலைக்கு நந்தியாவட்டை. அடுக்கு வேண்டாம், ஒற்றை வாங்குங்கள். இருட்டிலேயே வெள்ளை தெரியும், லேசாக வாசமும் உண்டு. பவழமல்லி விடிவதற்குள் கொட்டிவிடும், கோலத்துக்குப் பக்கத்தில் பூ தானாக வந்து உட்காரும். ஆனால் அது சின்ன மரமாகும் சாதி, தொட்டியில் அடைக்காதீர்கள். காம்பவுண்டு மூலையில் தரை கிடைத்தால் வையுங்கள். இரவுராணியின் வாசம் கொஞ்ச நேரத்துக்கு சொர்க்கம், அப்புறம் தலைவலி. படுக்கையறை ஜன்னலுக்கு அடியில் நட்டுவிட்டுப் பிறகு என்னைத் திட்டாதீர்கள்.

மல்லியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் மதுரை மல்லி 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூ. திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கமிருந்து மாட்டுத்தாவணிச் சந்தைக்கு மூட்டை மூட்டையாக வருகிறது. அப்படிப்பட்ட ஊரில் வீடு கட்டி, வாசலில் பெட்டுனியா வைத்திருக்கிறோம். நாலைந்து மணி நேரம் நேர் வெயில் படும் இடமும், 15 அங்குலத் தொட்டியும் இருந்தால் குண்டுமல்லி வரும். அன்று மாலை விரியப் போகிற மொட்டு மத்தியானமே தெரிந்துவிடும். மற்றவை பச்சையோடு இருக்க, அது மட்டும் வெளுத்துப் பருத்திருக்கும். நாலு மணிக்குப் பறித்துக் கட்டி வைத்தால் ஏழு மணிக்குத் தலையில் விரியும். பறிக்காமல் செடியிலேயே விட்டால் வாசலில் விரியும். எங்கள் வீட்டில் இதற்கு ஒரு ஒப்பந்தம் உண்டு: பாதி சாமிக்கும் தலைக்கும், பாதி செடிக்கு.

இனி வெயில். வாஸ்து பார்த்து வாசல் வைத்தீர்கள், வெயில் பார்த்துத் தொட்டி வைத்தீர்களா? நம் ஊரில் சித்திரை பிறந்ததிலிருந்து ஆவணி முதல் பத்து நாள் வரை உச்சிச் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கும், நிழல் தெற்கே விழும். மற்ற மாதங்களில் எல்லாம் நேர்மாறு. வடக்கு வாசல் வீட்டில் தையிலிருந்து பங்குனி வரை "நல்ல நிழல்" என்று வைத்த செடி, வைகாசியில் காலையும் மாலையும் சாய்வாக வரும் வெயிலில் கருகுவதற்கு இதுதான் காரணம். யாரும் கண் போடவில்லை. தெற்கு வாசல்காரர்களுக்கு மார்கழியில் வெயில் போர்டிகோவுக்குள் ஐந்தாறு அடி வரை வந்து உட்காரும். ஆனியில் எட்டிக்கூடப் பார்க்காது. அதனால் தொட்டியைச் சிமெண்டு போட்டுப் படியோடு ஒட்டிவிடாதீர்கள். நான்காம் தெருவில் இரண்டு வீட்டில் ஒட்டியிருக்கிறார்கள். அந்த இடத்தில் செடியை மாற்றலாம், வெயிலை மாற்ற முடியாது.

வெயிலே படாத போர்டிகோ என்றால் பூவுக்கு ஆசைப்படாமல் இலைக்கு ஆசைப்படுவது நல்லது. கொஞ்சம் வெளிச்சம் இருந்தால் கனகாம்பரமும் டிசம்பர் பூவும் ஒப்பேற்றும், வாசம் கிடையாது. அந்த நிழலுக்கென்றே இருக்கும் ஒரு பூவைச் சொல்கிறேன், பிரம்மகமலம். இமயமலையில் பூக்கும் அசல் பிரம்மகமலம் வேறு. நம் வீடுகளில் இருப்பது மெக்சிகோ பக்கத்துக் கள்ளிச் சாதி. பெயரை மட்டும் கடன் வாங்கிக்கொண்டது. இலை என்று நாம் சொல்வது உண்மையில் தட்டையான தண்டு. அதில் ஒரு சாண் வெட்டி, வெட்டுவாய் காய நாலு நாள் விட்டு, மண்ணில் சொருகினால் பிடித்துக்கொள்ளும்.

போன ஆடியில் என் வீட்டில் ஒரே ராத்திரியில் ஒன்பது பூ. மொட்டு ஒரு வாரமாகவே தலைகீழாகத் தொங்கி, அன்று மாலை யானைத் துதிக்கை மாதிரி நுனியை மேலே தூக்கிக்கொண்டது. அதுதான் அறிகுறி. எட்டரைக்கு நுனி பிளந்தது. வெளிப்பக்கத்து மெல்லிய இதழ்கள், மங்கிய ரோஸ் நிறத்தில் இருப்பவை, பின்னால் வளைய ஆரம்பித்தன. அப்புறம் கண் கொட்டாமல் பார்த்தாலும் அசைவது தெரியாது, ஆனால் காப்பி போட்டுக்கொண்டு வந்து பார்த்தால் வேறு பூவாக இருக்கும். பதினொன்றுக்கு முழுசாக விரிந்தபோது உள்ளே இருந்த சூலகத்தின் நுனி சின்னக் கோலம் போட்ட நட்சத்திரம் மாதிரி நின்றது. மூன்றாம் தெருவில் பாதி என் வாசலில்தான் இருந்தது. பிளாஸ்டிக் நாற்காலி போதாமல் படியில் உட்கார்ந்தார்கள். எதிர்வீட்டு ஆச்சி சூடம் ஏற்றிக் கொண்டுவந்தார். "ஆச்சி, பூ கருகிடும், தள்ளி நின்னு காட்டுங்க" என்று கெஞ்ச வேண்டியதாயிற்று. காலை ஐந்து மணிக்குக் கோலம் போட வந்தபோது ஒன்பதும் பிழிந்த துணி மாதிரி தொங்கின. ஒரு வருடம் வளர்த்து ஒரு ராத்திரி பார்க்கும் பூ லாபமா நஷ்டமா என்று என் மகன் கேட்டான். அவன் அன்று வரவில்லை, அதனால் கேட்டான்.

சரி, வண்டிச் செடிக்கு வருகிறேன். வாங்கவே கூடாது என்று சொல்லவில்லை, வாங்கிய பிறகு செய்வதைத்தான் சொல்கிறேன். அதில் நிறைய, ஆந்திராவில் ராஜமுந்திரிக்குப் பக்கத்தில் இருக்கும் கடியம் நர்சரிகளிலிருந்து வருவது. லாரியில் தூரம் வர வேண்டும், வேர் கலையக் கூடாது என்பதற்காகப் பிசுபிசுப்பான களிமண்ணை உருண்டை பிடித்து வேரைச் சுற்றி வைத்திருப்பார்கள். பயணத்துக்கு அது நல்லது, உங்கள் தொட்டிக்கு அது எமன். பிளாஸ்டிக் பையைக் கிழித்து அந்த உருண்டையை அப்படியே நார்க்கழிவு மண்ணில் இறக்குகிறீர்கள். ஒரு வெயில் அடித்ததும் உருண்டை செங்கல் மாதிரி இறுகும். நீங்கள் ஊற்றும் தண்ணீர் உருண்டைக்குள் போகாமல் ஓரத்து இளகிய மண் வழியாக வழிந்து கீழே ஓடிவிடும். மேல்மண் ஈரம், தட்டில் தண்ணீர், நடுவில் வேர் மட்டும் தாகத்தில். இலை வாடுகிறதே என்று இன்னும் ஊற்றுவீர்கள். ஓரம் அழுகும், நடு காயும். உங்கள் 37 தொட்டியில் எட்டைக் கவிழ்த்துப் பார்த்தேன் (மன்னிக்கவும், வீட்டில் யாரும் இல்லை). ஆறில் அந்த உருண்டை உடையாமல் முழுசாக வந்தது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். வந்த உடனே மாற்றாதீர்கள், பையோடு பத்துப் பதினைந்து நாள் நிழலில் வைத்துப் பழக்குங்கள். பிறகு ஒரு மாலை, வாளித் தண்ணீரில் பையோடு அரை மணி நேரம் ஊறவிட்டு, பையைக் கழற்றி, விரலால் வெளிமண்ணை மட்டும் மெல்லக் கரைத்து எடுங்கள். இட்லி மாவு கரைக்கும் பதம், பிசையக் கூடாது. முழுக்கக் கழுவினால் வேர் அறும், பாதி போனால் போதும். அதன் பிறகு செம்மண் இரண்டு பங்கு, மக்கிய சாணி உரம் ஒரு பங்கு, நார்க்கழிவோ மணலோ ஒரு பங்கு, ஒரு கை வேப்பம் புண்ணாக்கு. ரோஜா என்றால் ஒட்டுக் கட்டிய முடிச்சு மண்ணுக்கு மேலே தெரியட்டும். முடிச்சுக்குக் கீழே கிளம்பும் துளிரைக் கிள்ளிவிடுங்கள். அது உங்கள் ரோஜா கிடையாது, அதைத் தூக்கி நிறுத்தும் காட்டு ரோஜா. விட்டால் வீட்டுக்காரனையே வெளியேற்றிவிடும்.

அந்தப் பதினைந்து நாள் நிழல் வாசம் இன்னொன்றுக்கும். 2009-ல் ஒரு அடுக்குச் செம்பருத்தி வாங்கினேன். இலைக்காம்பு இடுக்கில் பஞ்சு ஒட்டியது மாதிரி கொஞ்சம் வெள்ளை இருந்தது, துடைத்துவிட்டு வாசலில் மற்றவற்றுக்கு நடுவில் வைத்தேன். ஒரு மாதத்தில் என் பழைய செம்பருத்தி நாலும் மாவு பூசிக்கொண்டன, பின்னால் நின்ற பப்பாளியும் சேர்ந்து போயிற்று. அது பப்பாளி மாவுப்பூச்சி. 2008-ல் கோவையில்தான் இந்த நாட்டில் முதலில் கண்டார்கள். மருந்தடித்து ஓய்ந்து, கடைசியில் 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்து விட்ட பிறகுதான் அடங்கியது. ஊர் பிழைத்தது, என் நாலு செடி பிழைக்கவில்லை. இப்போதெல்லாம் புதுச் செடி எதுவாக இருந்தாலும் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் தனியாகத்தான் முதல் வாசம். எறும்பு சாரை சாரையாக ஏறினால் மேலே என்னவோ இருக்கிறது என்று அர்த்தம். இலையைத் திருப்பிப் பாருங்கள், தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள்.

ஊட்டியில் மலர்க் கண்காட்சி பார்த்துவிட்டு பிகோனியாவும் ஃபியூஷியாவும் மடியில் வைத்துக்கொண்டு வந்த குடும்பத்தாரே, உங்களுக்கு ஒரு வரிதான். அது 7,000 அடிக்கு மேல் இருக்கிற ஊர். அந்தச் செடிகளை மே மாதத்தில் மதுரைக்குக் கொண்டுவருவது நல்லதில்லை.

தண்ணீர் விஷயத்திலும் ஒன்று. நம் போர்த் தண்ணீரில் உப்பு, அதனால் ஆர்ஓ வைத்திருக்கிறீர்கள். அந்த இயந்திரம் ஒதுக்கித் தள்ளும் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று செடிக்கு ஊற்றுகிறீர்கள். எண்ணம் நல்லது, ஆனால் நீங்கள் குடிக்க மறுத்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. மண்தொட்டியின் வெளிப்பக்கம் வெள்ளையாகப் பூத்திருக்கிறதே, அது அந்த உப்பு. அதைத் தரை கழுவ வைத்துக்கொள்ளுங்கள். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து ஊற்றுங்கள், அதில் உப்பு இல்லை. தொட்டிக்கு அடியில் தட்டு வைத்தால் வாரம் ஒரு முறையாவது கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்குக் கொசு முட்டையிலிருந்து கொசுவாக ஏழெட்டு நாள் போதும். மாநகராட்சிப் பெண்கள் வந்து தட்டில் டார்ச் அடித்துப் பார்க்கும்போது கோபப்படாதீர்கள்.

"மல்லிக் கொடி வைத்தால் பாம்பு வரும்" என்று உங்களிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். மூன்று பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். பாம்பு வாசத்துக்கு வருவதில்லை, எலிக்கும் தவளைக்கும் வருகிறது. அடர்ந்து தரையில் படர்ந்த புதர் எதுவானாலும் அதில் ஒளிந்துகொள்ளும். கொடியின் அடிப்பாகம் ஒரு முழம் வெறுமையாகத் தெரிகிற மாதிரி வெட்டி வைத்தால் பயம் வேண்டாம். நிஜமாகவே பயப்பட வேண்டியதற்கு யாரும் பயப்படுவதில்லை என்பதுதான் வேடிக்கை. செவ்வரளியின் இலை, பூ, தண்டு எல்லாமே விஷம். ஆடு மாடு வாய் வைக்காது, அதனால்தான் நான்குவழிச் சாலை நடுவில் அதை நட்டிருக்கிறார்கள். 2024-ல் கேரளத்தில் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப் பூவே வேண்டாம் என்று நிறுத்தியது. தவழும் பிள்ளை இருக்கும் நான்கு வீட்டில் வாசல்படியில் அரளித் தொட்டி பார்த்தேன். பின்பக்கம் கொண்டுபோய் வையுங்கள். வேண்டாம் என்று பிடுங்கி எறியச் சொல்லவில்லை. என் வீட்டுப் பின்சுவர் ஓரம் ஒன்று நிற்கிறது. கருப்பில் வெள்ளைப் புள்ளி போட்ட பட்டாம்பூச்சி அதில்தான் முட்டையிடும். இலைக்கடியில் அதன் கூடு, வெள்ளிப் பூண் போட்ட காதுத் தொங்கட்டான் மாதிரி மினுங்கும். பார்க்க வேண்டுமென்றால் வந்து பாருங்கள்.

நவம்பர் கடைசி வாரத்தில், கார்த்திகை பிறந்து பத்து நாள் ஆனதும், குண்டுமல்லியை முழங்கால் உயரத்துக்கு வைத்துக் கவாத்து செய்வேன். மனம் பதறும், ஆனால் அப்போது வெட்டினால்தான் மாசி, பங்குனியில் பூ இறங்கும். பிச்சிக்கு டிசம்பர் கடைசி, முல்லைக்கு ஜனவரி கடைசி. வேளாண் பல்கலைக்கழகம் விவசாயிகளுக்குச் சொல்கிற கணக்கு இது. நான் ஆறு தொட்டிக்குக் கடைப்பிடிக்கிறேன். அன்றே ஒற்றை நந்தியாவட்டையையும் டிசம்பர் பூவையும் ஒதுக்குவேன். குச்சி நிறைய விழும். பதியம் போட்டு வேர் பிடித்த மல்லி எட்டு இருக்கிறது, பிரம்மகமலத் தண்டு எத்தனை வேண்டுமானாலும் வெட்டித் தரலாம். வீட்டுக்கு ஒன்றுதான் கொடுப்பேன், அது துளிர்த்ததைக் காட்டினால் அடுத்தது. காசு வேண்டாம். அந்தக் காலித் தொட்டிகளில் ஒன்றைக் களிமண் உருண்டை இல்லாமல் கொட்டித் தட்டிக் கொண்டுவாருங்கள், மண் கலவை நான் வைத்திருக்கிறேன்.

அந்த வாரம் சனிக்கிழமை, மாலை நாலரைக்கு மேல் வாருங்கள். கேட்டைத் தள்ளினாலே திறக்கும்.